எந்தப் பெட்டி எடிட்டிங் பெட்டி?

வீடியோ எடிட்டிங் படிக்கப் போகும் மகனுக்கோ மகளுக்கோ கம்ப்யூட்டர் வாங்க, சேமிப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போகின்றன நடுத்தரக் குடும்பங்கள். ஸ்டிக்கரில் உள்ள பிராசஸர் பெயரை நம்பி வாங்கினால் பணம் போகும், வேலை நடக்காது.

தெற்கு டெல்லியின் நேரு பிளேஸ். ஜூலை பிறந்து கல்லூரி அட்மிஷன் சூடுபிடித்துவிட்டால் இங்கே அப்பாக்களின் நடமாட்டம் அதிகமாகிவிடும். பக்கத்தில் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த மகனோ மகளோ. லேப்டாப், பிரிண்டர் என்று காதருகே வந்து அழைக்கும் இளைஞர்களைத் தாண்டி ஒரு கடைக்குள் நுழைந்தால், முதல் கேள்வி எந்தக் கடையிலும் ஒன்றுதான்: 'பட்ஜெட் கித்னா ஹை?' அடுத்த கேள்வி, கேமிங்கா, ஆபீஸ் வேலையா? 'எடிட்டிங்' என்று பதில் வந்தால் கடைக்காரரின் கை தானாகவே, கீபோர்டில் வண்ண விளக்கு மின்னும் கேமிங் லேப்டாப் பக்கம் நீளும். அப்பா விலையைப் பார்க்கிறார். பிள்ளை ஸ்டிக்கரைப் பார்க்கிறது. இதுவரை படம் பிடித்ததென்ன, இனி எதில் படம் பிடிக்கப் போகிறாய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். மும்பையின் லேமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவின் சாந்தினி, செகந்திராபாத்தின் சினாய் டிரேட் சென்டர், சென்னையின் ரிச்சி தெரு என்று எங்கே போனாலும் கதை இதுதான். அறுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரை கைமாறுகிறது. பல வீடுகளில் அது முதல் வருடக் கல்லூரிக் கட்டணத்தைவிட அதிகம். தப்பான பெட்டி வந்து சேர்ந்தால் மூன்று வருடமும் அதோடுதான் குடும்பம் நடத்த வேண்டும். டைம்லைனில் மவுஸை நகர்த்தினால் படம் உறைந்து நிற்கும். எடிட்டிங் நமக்கு வராது போலிருக்கிறது என்று அந்த மாணவர் தன்னையே நொந்துகொள்வார். வராதது அவருக்கல்ல, பெட்டிக்கு.

சொந்தமாக ஒன்று எதற்கு, கல்லூரியில் லேப் இல்லையா என்று கேட்கலாம். நேரு பிளேஸிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் ஏ.ஜே.கே. மக்கள் தொடர்பு ஆராய்ச்சி மையம். 1982-ல் தொடங்கிய இந்த மையத்தில்தான் கிரண் ராவும் கபீர் கானும் படித்தார்கள். இதுபோன்ற இடங்களிலும், 1960-ல் பிறந்த புனே திரைப்படக் கல்லூரியிலும், 1995-ல் வந்த கொல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியிலும் எடிட்டிங் அறைகள் உண்டு. ஆனால் நாடெங்கும் மாஸ் கம்யூனிகேஷன், விஷுவல் கம்யூனிகேஷன் என்று பாடம் நடத்தும் எண்ணற்ற கல்லூரிகளுக்கு அந்த வசதி இல்லை. ஒரு லேப், வகுப்பு முழுவதற்கும் சில மெஷின்கள், சாயங்காலம் பூட்டு.

மாணவிகளுக்கு இன்னொரு பூட்டும் உண்டு: விடுதிக் கதவு. எடிட்டிங் என்பது இரவில் நடக்கும் வேலை என்பது இந்தத் தொழிலில் எழுதாத விதி. லேப் திறந்திருந்தாலும் ஒன்பது மணிக்கு விடுதிக்குத் திரும்பியாக வேண்டும் என்றால் அதனால் என்ன பயன்? 2015-ல் ஜாமியாவில் மாணவிகளின் இரவு நேர அனுமதி ரத்தானபோது எழுந்த எதிர்ப்பிலிருந்துதான் 'பிஞ்ச்ரா தோட்' இயக்கம் டெல்லியின் மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. கம்ப்யூட்டர் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா என்ற கேள்விக்கு விடை சில சமயம் தொழில்நுட்பத்தில் இல்லை, விடுதி விதிமுறையில் இருக்கிறது.

சரி, எடிட்டிங்கில் அப்படி என்ன தனிச் சங்கடம்? சாதாரண லேப்டாப்பில்கூட 4கே சினிமா தடங்கலின்றி ஓடுகிறதே? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஓடுவது வேறு, வெட்டுவது வேறு.

மொபைலோ கேமராவோ பதிவு செய்யும் வீடியோவில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. அப்படி வைத்தால் இடம் கொள்ளாது. எச்.264 (2003-ல் வந்த தரம்), எச்.265 (2013) ஆகிய சுருக்க முறைகள் என்ன செய்கின்றன என்றால், ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, அதற்கடுத்த பல பிரேம்களில் மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொள்கின்றன. வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி. முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படித்தால் சிரமமில்லை. திடீரென்று பதினேழாவது அத்தியாயத்தைத் திறந்தால் யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியாது. முன்கதையைப் புரட்டியாக வேண்டும். படம் பார்ப்பவர் தொடர்கதையை வரிசையாகப் படிக்கிறார். எடிட்டரோ நிமிடத்துக்கு நூறு முறை நடுவிலும் கடைசியிலும் திறந்து பார்க்கிறார், பின்னோக்கியும் ஓட்டுகிறார். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் முன்கதையைப் புரட்டி, கணக்குப் போட்டு, கேட்ட பிரேமைத் தயாரித்துத் தர வேண்டும். அதுவும் மூன்று வீடியோக்களை மேலும் கீழும் அடுக்கியிருந்தால் மூன்று முன்கதை.

இந்தப் புரட்டும் வேலையை பிராசஸரின் பொதுவான மூளையிடம் விட்டால் அது திணறும். அதனால் சிப்புக்குள்ளேயே இதற்கென்று தனியாக ஒரு பகுதி வைக்கிறார்கள். இன்டெல் 2011-ல் கொண்டுவந்த 'குவிக் சிங்க்' அப்படிப்பட்டது. என்விடியா கார்டுகளிலும் ஏஎம்டி சிப்புகளிலும் ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளிலும் இது உண்டு. ஆனால் எல்லாச் சிப்பும் எல்லா வகை வீடியோவையும் திறக்காது. லட்ச ரூபாய் லேப்டாப்பும் ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பும் இடம் மாறிக்கொள்ளும் வேடிக்கை இங்கேதான் நடக்கிறது.

வேடிக்கை இதுதான். மொபைல் போன் வழக்கமாகப் பதிவு செய்யும் எச்.265 வீடியோ, நிற விவரத்தை ஓரளவு குறைத்து 4:2:0 என்ற முறையில் சேமிக்கிறது. இதைச் சமீபத்திய சிப்புகள் அநேகமாக எல்லாமே கையாளும். கல்லூரியிலும் திருமண வீடியோ வட்டாரத்திலும் இப்போது புழங்கும் சோனி ஏ7எஸ் 3, ஏ7 4, கேனன் ஆர்6 போன்ற கேமராக்கள் இன்னும் அதிக நிற விவரத்தோடு 10-பிட் 4:2:2 முறையில் எச்.265 தருகின்றன. கலர் கரெக்‌ஷன் செய்ய அருமையான சரக்கு. ஆனால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளின் வீடியோ பகுதிக்கு இந்த 4:2:2 தெரியாது. 2025-ல் வந்த 50 வரிசையில்தான் அந்த வசதி சேர்ந்தது. அதே சமயம், இன்டெல்லின் 11-வது தலைமுறை முதல் வந்த சிப்புகளில், தனி கார்டே இல்லாத உள் கிராபிக்ஸ் இதைச் சுலபமாகத் திறக்கிறது. 2020 நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1-ம் திறக்கிறது.

இதன் பொருள் என்ன? ஏஎம்டி பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4050 கார்டும் கொண்ட கேமிங் லேப்டாப், விளையாட்டில் புலி. அந்த கேமராவின் 4:2:2 வீடியோவைப் போட்டால் முழுப் பாரமும் பிராசஸர் தலையில் விழுகிறது. பக்கத்து மேஜையில் பாதி விலை இன்டெல் லேப்டாப் அதே கிளிப்பை வழுக்கிக்கொண்டு ஓட்டும். அந்த மாணவர் மொபைலில் மட்டுமே படம் எடுப்பவராக இருந்தால் இந்த வித்தியாசமே எழாது. அப்போது கேமிங் லேப்டாப் தப்பான தேர்வும் அல்ல. ஆகவே எந்தக் கேமரா, எந்த முறையில் பதிவு என்று தெரியாமல் எந்தப் பெட்டி நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் விற்பவராகத்தான் இருப்பார்.

பார்ட்ஸ் வாங்கி டெஸ்க்டாப் 'அசெம்பிள்' செய்பவர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இன்டெல் பிராசஸர் எண்ணின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் (12400எஃப் மாதிரி) உள் கிராபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்பதால் கடைக்காரர் அதைத்தான் எடுத்து வைப்பார். விளையாடுகிறவருக்கு நஷ்டமில்லை. எடிட்டருக்கு குவிக் சிங்க் போய்விட்டது. ஓர் எழுத்தை விட்டுவிட்டு வாங்கும் அந்தச் சில நூறு, ஆயிரம் ரூபாய் நல்ல முதலீடு.

அடுத்து மெமரி. இதில் தயவு தாட்சண்யம் கூடாது. 8 ஜிபி ராம் உள்ள பெட்டி எடிட்டிங்குக்கு இன்று உதவாது. 16 ஜிபி குறைந்தபட்சம். 4கே, கலர் கரெக்‌ஷன், கொஞ்சம் கிராபிக்ஸ் என்று போகிறவருக்கு 32 இருந்தால் நிம்மதி. ஆப்பிளே நெடுநாள் 8 ஜிபியை விட்டுக்கொடுக்காமல் இருந்து, 2024 அக்டோபரில்தான் தன் மேக் கம்ப்யூட்டர்களில் 16-ஐ ஆரம்ப அளவாக்கியது. கவனிக்க வேண்டியது அளவை மட்டுமல்ல. மெலிந்த லேப்டாப்கள் பலவற்றில் ராம், போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பின்னால் மாற்றவோ கூட்டவோ முடியாது. மாற்றத்தக்க ஸ்லாட் உள்ள லேப்டாப்பை 16 ஜிபியோடு வாங்கி, இரண்டாம் வருடம் கூட்டிக்கொள்வது பழைய புத்திசாலித்தனம். 2025-ன் கடைசி மாதங்களில் ஏஐ டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரி சிப்புகளை அள்ளிக்கொள்ள, ராம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், மாணவர்கள் வாங்கிப் போட்டுக்கொள்ளும் 'குரூஷியல்' சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகப் போவதாக அறிவித்தது. பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கை ஒருமுறை பேப்பரில் போட்டுப் பார்ப்பது நல்லது.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் எந்த சாப்ட்வேர் என்பதைப் பொறுத்தது பதில். கலர் வேலைக்குப் பெயர் போன டாவின்சி ரிசால்வ் முழுக்க கிராபிக்ஸ் கார்டின் தோளில் ஏறி உட்காரும். அதன் இலவசப் பதிப்பே ஒரு மாணவரின் தேவைக்குப் பெரும்பாலும் போதும். முடிந்த படத்தை 4கே அளவு வரை வெளியே எடுக்கலாம். ஆனால் கார்டில் 4 ஜிபி மெமரிதான் என்றால் 4கே டைம்லைனில் 'மெமரி போதவில்லை' என்று கைவிரித்துவிடும். 6 ஜிபி சமாளிக்கும், 8 இருந்தால் நல்லது. அடோபி பிரீமியர், மாணவர் சலுகை இருந்தாலும், மாதமோ வருடமோ சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய சமாச்சாரம். கம்ப்யூட்டர் பட்ஜெட் போடும்போது பல குடும்பங்கள் மறந்துவிடும் செலவு இது. பைனல் கட் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் முழுக்க இலவசம், எளிய மெஷினிலும் ஓடும். பாடம் கற்க அவற்றில் குறை ஒன்றுமில்லை. வேலைக்குப் போகும் இடத்தில் பிரீமியர் தெரியுமா என்று கேட்பார்கள் என்பதுதான் சங்கடம்.

கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4050 என்பது ஒரே சரக்கு அல்ல. கம்பெனி அதற்கு 35 வாட் மின்சாரமும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். ஸ்டிக்கர் ஒன்றே, சக்தி வேறு. மெலிந்த அழகான லேப்டாப்பில் குறைந்த வாட், தடித்த லேப்டாப்பில் அதிக வாட் என்பது பொது விதி. இந்த வாட் கணக்கைக் கம்பெனியின் விவரப் பட்டியலில் தேடிப் பிடிக்க வேண்டும். கேமிங் லேப்டாப்பை பிளக்கிலிருந்து பிடுங்கினால் வேகம் சரிந்துவிடும் என்பதையும் கடையில் சொல்ல மாட்டார்கள். நாக்பூரிலோ டெல்லியிலோ மே மாதம் விசிறிக்கடியில் உட்கார்ந்து எக்ஸ்போர்ட் போடுகிறவருக்குத் தெரியும், சூடு ஏற ஏற மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று. விசிறியே இல்லாத மேக்புக் ஏரும் இதற்கு விதிவிலக்கல்ல. சின்ன வேலைகளில் சத்தமின்றிப் பறக்கும். நீண்ட எக்ஸ்போர்ட்டில் மூச்சு வாங்கும்.

யாருமே கவனிக்காத ஒன்று ஸ்கிரீன். எழுபதாயிரம் ரூபாய் லேப்டாப்களில்கூட '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று பொடி எழுத்தில் போட்ட பேனல் வருகிறது. இணையத்திலும் டிவியிலும் புழங்கும் வண்ணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதில் தெரியும். அதில் எல்லா முகமும் கொஞ்சம் சாம்பல் பூத்திருக்கும். மாணவர் என்ன செய்வார்? சிவப்பைக் கூட்டுவார், மஞ்சளைக் கூட்டுவார். தன் ஸ்கிரீனில் மாநிறமாகத் தெரிந்த கதாநாயகி, கல்லூரி ஆடிட்டோரியத்தின் திரையில் தக்காளிப் பழமாக வந்து நிற்பாள். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அளவுள்ள மானிட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி இணைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் பிராசஸரில் ஒரு படி இறங்கி ஸ்கிரீனில் ஒரு படி ஏறுவேன். பிராசஸர் மெதுவாக இருந்தால் காத்திருக்கலாம். கண் பொய் சொன்னால் எதை நம்பி வண்ணம் சேர்ப்பது?

இடத்துக்கு வருவோம். கடைசி வருடத்து டிப்ளமோ படம் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பத்து என்ற விகிதத்தில் படம் பிடித்தால் 150 நிமிடச் சரக்கு சேரும். ஐபோனில் 4கே, விநாடிக்கு 30 பிரேம், எச்.265 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. மொத்தம் 25 ஜிபி சொச்சம். விநாடிக்கு 100 மெகாபிட் பதிவு செய்யும் கேமராவில் நிமிடத்துக்கு 750 எம்பி. மொத்தம் 112 ஜிபி. அதே ஐபோனில் பெருமைக்காக 4கே புரோரெஸ் முறையைத் திருப்பிவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி. மொத்தம் 900 ஜிபி. அதே கதை, அதே நடிகர்கள். ஒரு பட்டனில் இருக்கிறது வித்தியாசம். 512 ஜிபி டிஸ்க் உள்ள லேப்டாப்பில் விண்டோஸும் சாப்ட்வேர்களும் ஒரு பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் என்ன இருக்கும்?

ஆகவே வெளி டிஸ்க் கட்டாயம். எடிட் செய்ய எஸ்எஸ்டி. பத்திரப்படுத்த மலிவான, சுழலும் பழைய பாணி ஹார்ட் டிஸ்க். சுழலும் டிஸ்கில் விநாடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி கிடைத்தாலே பெரிது. நான்கு கிளிப்பை ஒரே சமயத்தில் கேட்டால் அதன் ஊசி அங்குமிங்கும் ஓடித் தவிக்கும். சாதாரண எஸ்எஸ்டியே விநாடிக்கு 500 எம்பி தரும். எதில் வைத்தாலும், இரண்டாவது பிரதி வேறொரு டிஸ்கில், வேறொரு பையில் இருக்க வேண்டும். வருடந்தோறும் மார்ச், ஏப்ரலில் டேட்டா ரெக்கவரி கடைகளில் முகம் வாடி நிற்கும் மாணவர்களைப் பார்த்தால் இந்த வாக்கியத்தின் எடை புரியும். மெஷின் போனால் வேறு வாங்கலாம். திரும்பப் போய்ப் படம் பிடிக்க முடியாது; பேட்டி கொடுத்த தாத்தா இப்போது இல்லாமலிருக்கலாம்.

விடுதிச் சிக்கல் இல்லாதவருக்கு டெஸ்க்டாப்தான் ரூபாய்க்கு அதிக வேலை தரும். பெரிய விசிறி, மாற்றத்தக்க பாகங்கள், ரிப்பேர் உள்ளூரிலேயே. மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர் என்றால் யுபிஎஸ் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் பக்கம் சாய்கிறவருக்கு, எம்4 சிப்போடு 2024 இறுதியில் வந்த மேக் மினியின் தொடக்க விலை 59,900 ரூபாயாகவும் மாணவர் விலை 49,900 ரூபாயாகவும் இருந்தது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் உங்கள் பாடு. 2025 மார்ச்சில் வந்த எம்4 மேக்புக் ஏரின் தொடக்க விலை 99,900 ரூபாயாக இருந்தது; மாணவருக்குப் பத்தாயிரம் குறைவு. இரண்டிலும் 256 ஜிபி டிஸ்க்தான். டிஸ்கைக் கம்பெனியிடமே பெரிதாகக் கேட்டு வாங்கினால் விலை பயமுறுத்தும். வெளி எஸ்எஸ்டியை இணைத்துக்கொள்வதே விவேகம். மெமரியை மட்டும் வாங்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

நேரு பிளேஸின் மாடிப்படிகளில் ஏறினால் கார்ப்பரேட் கம்பெனிகள் கழித்துக்கட்டிய லேப்டாப்கள் அடுக்கடுக்காக இருக்கும். இருபதாயிரம், முப்பதாயிரம் என்று விலை. கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் பிராசஸர் இன்டெல் 8-வது தலைமுறைக்கு முந்தியது என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துபோனது. அப்படிப்பட்ட மெஷினில் லினக்ஸும் கேடென்லைவும் போட்டுக்கொண்டு வேலை செய்யத் தெம்பு இருந்தால் மட்டும் வாங்கலாம். 11-வது தலைமுறை இன்டெல் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். காரணம் மேலே சொன்ன அதே குவிக் சிங்க்.

இத்தனைக்கும் பிறகும் கையில் உள்ள பணத்துக்குத் தக்க பெட்டி வராதவர்கள் உண்டு. பெரும்பாலோர் அவர்கள்தான். அவர்களுக்கு சினிமாவின் பழைய வழக்கமே கைகொடுக்கிறது. பிலிம் காலத்தில் எந்த எடிட்டரும் நெகட்டிவைத் தொட்டதில்லை. லேபிலிருந்து வரும் ரஷ் பிரிண்டைத்தான் மூவியோலாவிலும் ஸ்டீன்பெக் மேஜையிலும் வெட்டி ஒட்டிப் பார்ப்பார்கள். கீறல் விழும், அழுக்காகும், கவலையில்லை. வெட்டு முடிவான பிறகு பிலிம் ஓரத்தில் உள்ள எண்களைப் பார்த்து நெகட்டிவ் கட்டர் அசலை வெட்டுவார். புனேயில் படித்த ரேணு சலூஜா 'பரிந்தா'வை (1989) வெட்டியதெல்லாம் இந்த முறைக் காலத்தில்தான். பிறகு 90-களில் அவிட் மெஷின்கள் வந்தபோதும் இதே தந்திரம்: டிஸ்க் விலை யானை விலை என்பதால் மங்கலான நகலில் எடிட், கடைசியில் அசலுக்குத் திரும்புதல்.

இன்றைய சாப்ட்வேர்களில் இதற்குப் பெயர் பிராக்ஸி. கல்லூரி மாணவருக்கு பிராக்ஸி என்றால் அட்டெண்டன்ஸ்தான் நினைவுக்கு வரும். அர்த்தம் ஒன்றுதான், அசலுக்குப் பதிலாக ஆள் நிற்பது. 4கே வீடியோ ஒவ்வொன்றுக்கும் 1280-க்கு 720 அளவில் ஒரு சின்ன நகல். புள்ளிகளின் எண்ணிக்கை சரியாக ஒன்பதில் ஒரு பங்கு. அந்த நகலை, பிரேமுக்குப் பிரேம் முழுப் படம் வைக்கும் புரோரெஸ் பிராக்ஸி, டிஎன்எக்ஸ் போன்ற முறையில் தயாரிக்கச் சொன்னால் முன்கதை புரட்டும் தொல்லையும் ஒழிந்தது. ராத்திரி சாப்பிடப் போகும்முன் வேலையைக் கொடுத்துவிட்டால் காலையில் நகல்கள் தயார். அவற்றில் வெட்டி முடித்து எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது சாப்ட்வேர் தானாகவே அசலுக்குத் தாவிவிடும். பிரீமியர், ரிசால்வ், பைனல் கட், கேடென்லைவ் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் 4கே படம் எடிட் செய்ய வழி இதுதான். கலர் வேலைக்கும் கடைசி எக்ஸ்போர்ட்டுக்கும் மட்டும் கல்லூரி லேபின் பெரிய மெஷினைக் கேட்டு வாங்கலாம். மூன்று மாதத்துக்கு மெஷின் கேட்டால் முறைப்பார்கள், மூன்று மணி நேரத்துக்குத் தருவார்கள்.

2020-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய கொரியப் படம் 'பாரசைட்', எடிட்டிங் பிரிவிலும் பரிந்துரை பெற்றிருந்தது. அதன் எடிட்டர் யாங் ஜின்-மோ பயன்படுத்தியது பைனல் கட் புரோ 7. 2009-ல் வந்து, 2011-ல் ஆப்பிள் கைகழுவிய சாப்ட்வேர். பழக்கப்பட்டது, போதுமானது, வைத்துக்கொண்டார்.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் எடுத்த வீடியோவிலிருந்து நாலைந்து கிளிப்பை ஒரு டிஸ்கில் போட்டுக்கொண்டு, வாங்க நினைக்கும் அதே சிப் உள்ள மெஷினை வைத்திருக்கும் சீனியரைத் தேடிப் பிடியுங்கள். டைம்லைனில் மூன்றை அடுக்கி, முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். யூடியூபில் ஒரு ராத்திரி முழுக்க விமர்சனம் பார்த்தாலும் இது கிடைக்காது.

பில் விஷயத்தில் மட்டும் பேரம் வேண்டாம். கம்ப்யூட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். எழுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் சுமார் 10,700 ரூபாய் வரி. 'பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்ற காதோரக் குரல் கேட்கும்போது மனம் சபலப்படும். பில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு அலைய வேண்டியிருக்கும். கல்விக் கடனுக்கும் அது தேவை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையானால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவும் கடனில் சேரும். கல்லூரியிடமிருந்து, இந்தப் படிப்புக்குக் கம்ப்யூட்டர் தேவை என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, கடன் விண்ணப்பம் போடும்போதே அந்தத் தொகையையும் சேர்த்து எழுத வேண்டும். கடன் பாஸான பிறகு போய்க் கேட்டால் மானேஜர் உதட்டைப் பிதுக்குவார்.